வேலூரிலிருந்து கடலுக்கு: முதன்முறையாக மாமல்லபுரம் போகிறவர்களுக்கு

"சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு" என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டதால் கேலியின் முதல் பகுதி செல்லாது. கடைசிப் பகுதி மட்டும், 2021 நவம்பர் வெள்ளத்தைப் போல எப்போதோ ஒருமுறை பொய்யாகி, மற்ற நாளெல்லாம் உண்மையாகவே இருக்கிறது. அந்த மணல் ஆறான பாலாறு போய்ச் சேரும் கடல் காரில் போனால் மூன்று, மூன்றரை மணி நேரத் தொலைவுதான். ஆனாலும் வேலூர், குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கங்களில் கடலைக் கண்ணால் பார்க்காமலே அறுபதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். என் அத்தை அவர்களில் ஒருவர். குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான்கு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். இரண்டு நாள் மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு அவர் என்னோடு மாமல்லபுரம் வந்தார். அந்தப் பயணத்தையும், அதற்கு முன்பு நான் தனியாகப் போய்ச் செய்த தவறுகளையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொது விதி. கடற்கரை ஊரில் நடுப்பகல் நம்முடையது அல்ல. காலை ஐந்தரை முதல் பத்து வரை, மாலை மூன்றரை முதல் எட்டு வரை மட்டுமே ஊர் சுற்றலாம். இடையில் இருக்கும் நேரம் சாப்பிடவும் தூங்கவும். "வெயிலூர்க்காரனுக்கு வெயில் ஒரு பொருட்டா?" என்று நானும் கேட்டவன்தான். நம் ஊர் வெயில் சுடும், வியர்வை உடனே காய்ந்துவிடும். அங்கே காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை காயாது, உடம்பு ஆறாது. வெப்பமானி நம் ஊரைவிட நான்கு டிகிரி குறைவாகக் காட்டும்போதே ஆள் துவண்டுபோவது அதனால்தான். மோர் குடித்துக்கொண்டே இருங்கள்.

எப்போது போவது

தை, மாசி, பங்குனியின் முதல் பாதி. இதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிப்பாக இருக்கும், புயல் எச்சரிக்கை வந்தால் கரைப் பக்கமே விடமாட்டார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து நாட்டிய விழா நடக்கும், கூடவே பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். அறை வாடகை ஏறிவிடும். அக்னி நட்சத்திரத்தில் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

காலண்டரைப் புரட்டும்போது பௌர்ணமியையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் மறையாது. மாலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு சூரியன் எப்போது விழும் என்று காத்திருக்கும் புதியவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அது அவர்கள் முதுகுக்குப் பின்னால் சவுக்குத் தோப்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். ஆனால் பௌர்ணமி அன்று சூரியன் மேற்கே மறைகிற அதே நேரத்தில் நிலா கடலுக்குள்ளிருந்து செம்மஞ்சள் நிறத்தில் வரும். மறுநாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதமாக வரும், அதற்கு மறுநாள் இன்னும் தாமதம். ஆகவே பௌர்ணமி சனிக்கிழமையிலோ வெள்ளிக்கிழமையிலோ விழுகிற வாரம் கிடைத்தால் விடாதீர்கள். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது: அன்று வேலூர்ப் பேருந்து நிலையமே திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிறவர்களால் நிரம்பியிருக்கும். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவது நல்லது.

மாசி மகப் பௌர்ணமி தனிக் கதை. அன்று இருளர் குடும்பங்கள் பல மாவட்டங்களிலிருந்தும், நம் பக்கத்திலிருந்தும், மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து மணலிலேயே குடில் போட்டுத் தங்கிக் கன்னியம்மனை வழிபடுவார்கள். விடியற்காலையில் அங்கேயே திருமணங்களும் நடக்கும். பார்க்கப் போகலாம், ஆனால் அது அவர்கள் சாமி கும்பிடுகிற இடம், முகத்துக்கு நேரே செல்போனை நீட்டும் இடம் அல்ல.

வழி

காரிலோ இருசக்கர வாகனத்திலோ போகிறவர்கள் பெங்களூரு - சென்னை நெடுஞ்சாலையில் ஆற்காடு, வாலாஜாபேட்டை, காவேரிப்பாக்கம் கடந்து காஞ்சிபுரத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கிருந்து வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம். மொத்தம் 140 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வாலாஜாபேட்டை வேறு, வாலாஜாபாத் வேறு. முன்னது ராணிப்பேட்டை மாவட்டம், நாம் வெறும் "வாலாஜா" என்று சொல்வது. பின்னது காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் இருக்கிறது. செல்போனில் வழி போடும்போது அரைகுறையாகத் தட்டினால் புறப்பட்ட திசையிலேயே திருப்பிவிடும்.

பேருந்து என்றால் புதிய பேருந்து நிலையத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு அடிக்கடி வண்டி உண்டு. காஞ்சியில் இறங்கி மாமல்லபுரம் நேர் வண்டி நிற்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் செங்கல்பட்டு போய் மாறுங்கள். கண்டக்டர் "மகாபலிபுரம்" என்று கூவுவார், பலகையில் "மாமல்லபுரம்" என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். நின்று மாறிப் போக நாலரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

சனிக்கிழமை காலை நாலரை மணிக்குப் புறப்பட்டால் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் விடியும். மழை பெய்த வருடமாக இருந்தால் ஏரியைப் பார்த்துவிட்டு அத்தையைப் போல "இதுதான் கடலா?" என்று கேட்கிறவர் உங்கள் வண்டியிலும் ஒருவர் இருப்பார். நாஷ்டாவைக் காஞ்சியில் முடித்துவிடுங்கள். காஞ்சியில் அரை மணி நேரம் மிச்சம் இருந்தால் கைலாசநாதர் கோயிலுக்கு மட்டும் போய்வாருங்கள். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை எழுப்பிய பல்லவ மன்னன் இராஜசிம்மன்தான் இதையும் கட்டினான். இதைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தால், உப்புக்காற்று 1300 ஆண்டுகளில் கல்லை என்ன செய்யும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

எடுத்துப்போக வேண்டியவை

பருத்தித் துணி, ஆளுக்கு இரண்டு துண்டு, கழற்றி மாட்ட எளிதான செருப்பு, தொப்பி, பெரிய தண்ணீர்க் கேன். ஜீன்ஸ் வேண்டாம்; நனைந்தால் ஒரு நாள் முழுக்கக் காயாது, காய்ந்தால் உப்பு ஏறித் தொடையை உரசும். ஒரு காலிக் கேனும் பத்தடிக் கயிறும் வண்டியில் இருக்கட்டும், எதற்கென்று பின்னால் சொல்கிறேன். ஆதார் போன்ற அடையாள அட்டையில்லாமல் அறை கிடைக்காது. நகையை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன், அத்தை கேட்கவில்லை. அலையில் கொலுசு ஒன்று போனது.

அறைக்கு ஒத்தவாடைத் தெருப் பக்கம் பார்க்கலாம், கடலுக்கு நடந்து போகிற தொலைவு. முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு நுழைகிறவருக்கு இது ஒரு நாள் வாடகை வித்தியாசம். அறை தயாராகவில்லை என்றாலும் பையை வைத்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை: மலையும் ரதங்களும்

ஒன்பது மணிக்கு ஊருக்குள் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேராகத் தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறை மலைக்குப் போங்கள். அங்கே பாறைகளின் நிழல் உண்டு. (பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இது. சேவிக்க நினைப்பவர்கள் நடை சாத்தும் முன் முதலில் அதை முடித்துக்கொள்ளுங்கள்.)

அர்ச்சுனன் தபசு என்றும், கங்கை இறங்கி வரும் காட்சி என்றும் இரண்டு பெயரால் சொல்லப்படும் பாறைச் சிற்பம் உங்களை முதலில் மலைக்கவைக்கும். ஏறத்தாழ 27 மீட்டர் நீளம். அத்தனை உருவங்களையும் ஒரே மூச்சில் பார்க்க முயலாதீர்கள், கண் களைத்துவிடும். நடுவிலுள்ள பிளவில் தொடங்குங்கள். அதில் நாகர்கள் மேலேறுகிறார்கள். மேலே தண்ணீர் தேக்கிப் பிளவு வழியாக விழவிட்டிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பிறகு வலப்பக்கத்து யானைகளின் கால்களுக்கிடையே குட்டிகளைத் தேடுங்கள். அருகிலேயே ஒரு பூனை, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. அதை நம்பி எலிகள் சுற்றி நிற்கின்றன. கூட வந்த பிள்ளைகளிடம் "பூனை எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டால் பத்து நிமிடம் நிம்மதி.

ஆனால் நான் உங்களை நிறுத்திவைக்க நினைக்கும் இடம் அதற்குப் பக்கத்திலுள்ள கிருஷ்ண மண்டபம். கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கிறான். எல்லோரும் அவனைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வலப்பக்கம் திரும்பினால் ஒரு மாடு நிற்கிறது. ஒருவன் குந்தி உட்கார்ந்து, முழங்கால்களுக்கு இடையில் பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு பால் கறக்கிறான். மாடு கழுத்தைத் திருப்பி, முன்னால் நிற்கும் கன்றை நக்குகிறது. அர்ச்சுனன் தபசில் இரண்டு நிமிடம்கூட நிற்காத அத்தை இங்கே கால் மணி நேரம் நின்றார். கைப்பையைக் கீழே வைத்தார். சற்றுக் குனிந்து அந்த ஆளின் விரல்களைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், மாட்டின் நாக்கைப் பார்த்தார்.

"கன்றை நக்கவிட்டால்தான் மாடு பாலை இறக்கும். இது கறக்கத் தெரிந்தவன் செய்த சிலை" என்றார்.

வழிகாட்டிகள் பலர் இந்த மாட்டைக் காட்டுவார்கள். மடியை எப்படிப் பார்ப்பது என்று காட்டியவர் அத்தை ஒருவர்தான். உங்களுடன் வருகிறவர்களில் கறக்கத் தெரிந்தவர், கொத்து வேலை தெரிந்தவர், யானை பார்த்தவர் யாராவது இருந்தால் அவரையே முன்னால் விட்டுப் பின்னால் போங்கள்.

மலைமேல் வராக மண்டபம், மகிஷாசுரமர்த்தினி குகை இரண்டையும் தவறவிடாதீர்கள். பின்னதில் ஒரு சுவரில் தேவி சிங்கத்தின்மேல் வேகமாக வருகிறாள். எதிர்ச் சுவரில் திருமால் ஆதிசேடன்மேல் அசையாமல் கிடக்கிறார். ஒரு சுவரில் சண்டை, ஒரு சுவரில் தூக்கம். அதற்கு மேலே பாறையில் நிற்கும் சிறு கோயிலின் தலையில்தான் ஒரு காலத்தில் கப்பல்களுக்கு விளக்கு ஏற்றினார்கள். இப்போதுள்ள கலங்கரை விளக்கம் பக்கத்தில் இருக்கிறது. திறந்திருந்தால் ஏறிப் பாருங்கள். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்ற அந்தப் பெரும் பாறை ஏறத்தாழ 250 டன், சரிவில் நிற்கிறது. அதன் அடியில் முதுகு கொடுத்துத் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொள்ளாமல் எவரும் ஊர் திரும்பியதில்லை, நானும்தான்.

பத்தரை மணிக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். சாப்பிடுங்கள். ஆம்பூர் பிரியாணியை அங்கே தேடாதீர்கள். பெயர்ப் பலகை இருக்கும், பிரியாணி இருக்காது. தூங்கி எழுந்து மூன்றரைக்கு வெளியே வரும்போது காற்று மாறியிருப்பது தெரியும். பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது, நிலத்துக் காற்று மேலே எழும்ப அந்த இடத்துக்குக் கடல் காற்று ஓடி வருகிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று அதைத் தடுத்துவைப்பதால் தாமதமாகும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் மதியத்துக்குள் வந்துவிடும்.

இப்போது ஐந்து ரதங்கள். தொல்லியல் துறையின் 40 ரூபாய் டிக்கெட் இதற்கும் கடற்கரைக் கோயிலுக்கும் சேர்த்து ஒரே நாளைக்குச் செல்லும். அதனால் இரண்டையும் ஒரே மாலையில் முடிப்பதுதான் சிக்கனம். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடையாது. மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் ரதங்களை முதலில் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு முன்பே கடற்கரைக் கோயிலுக்குள் நுழைந்துவிடுங்கள்.

ரதங்களுக்குப் பாண்டவர் பெயர் பின்னால் வந்து ஒட்டியது, பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. திரௌபதி ரதம் அப்படியே ஒரு கூரை வீடு. ஓலைக் கூரையின் வளைவைச் சிற்பி கல்லில் கொண்டுவந்திருக்கிறான். ஒவ்வொன்றும் கட்டியது அல்ல, பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி இறக்கியது. கடற்கரைக் கோயில் அப்படியல்ல. வெட்டிய கல்லை அடுக்கிக் கட்டியது. காலையில் மலையில் பார்த்தவை குடைவரைகள். கல்லைக் குடைவது, செதுக்குவது, அடுக்குவது என்ற மூன்றும் இங்கே கூப்பிடு தொலைவில் இருக்கின்றன. 1984-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெரும்பாலான பயணிகள் "நிறையச் சிலை இருக்கிறது" என்பதோடு திரும்பிவிடுகிறார்கள்.

ரதங்களுக்குப் போகும் சாலையில் உளிச் சத்தம் கேட்கும். 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியும் இந்த ஊரில்தான் இருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. வாங்க நினைத்தால் ஒரு சோதனை: சாவியால் அடிப்பாகத்தில் லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்து மாவு உதிர்ந்தால் அது மாக்கல். மாக்கல்லும் அழகுதான், ஆனால் அதற்குக் கருங்கல் விலை கொடுக்காதீர்கள். கடைக்காரரைக் கேட்டுவிட்டுக் கீறுவது முறை.

கடற்கரைக் கோயிலில் மூன்று சன்னதிகள்: இரண்டு சிவனுக்கு, நடுவே பாறையிலேயே பள்ளிகொண்ட திருமாலுக்கு. சுவரில் கை வைத்துத் தடவாதீர்கள், உப்புக்காற்று செய்கிற வேலையே போதும்.

இரவுச் சாப்பாடு மீன். வறுவல் கடைகளில் மசாலா தடவிய மீனை அடுக்கி வைத்திருப்பார்கள். மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லுங்கள். செவுள் இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் குழி விழாமல் திரும்ப எழ வேண்டும். வஞ்சிரம் என்று சொல்லி வேறு எதையோ துண்டு போட்டுத் தருவதும் நடக்கும். முழு மீனாகச் சங்கராவோ கிழங்கானோ வாங்கினால் ஏமாற வாய்ப்புக் குறைவு. எண்ணெயில் போடுவதற்கு முன் விலையைப் பேசுங்கள். போட்ட பிறகு பேசினால் அது பேச்சுவார்த்தை அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாட்களில் கரையோரம் ஓடும் சிறு படகு மீன்தான் புதிதாகக் கிடைக்கும், மற்றவை ஐஸ் பெட்டியில் இருந்தவை.

ஞாயிறு விடியல்: கடலில் இறங்குவது

சூரியன் தை மாதத்தில் ஆறரையை ஒட்டியும், வைகாசியில் 5.40 வாக்கிலும் எழும். அதற்கு அரை மணி முன்பே மணலில் இருங்கள். எழுவதற்கு முன் வரும் நிறங்கள்தான் பார்க்க வேண்டியவை. அதன்பிறகு மீனவர் குப்பத்துப் பக்கம் போனால் ஃபைபர் படகுகள் கரையேறும். வலை உதறுகிறவர்களுக்கு வழி விட்டு நில்லுங்கள். மீன் வாங்கி ஊருக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். இன்னும் ஆறேழு மணி நேரம் நீங்கள் வெயிலில் சுற்றப் போகிறீர்கள், வேலூர் மீன் மார்க்கெட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

இனிக் குளியல். இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளில் நீச்சல் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கிணற்றில் கற்றவர்கள். நானும் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு பம்புசெட் கிணற்றில் குதித்தவன்தான். கிணற்று நீச்சல்காரனுக்குத்தான் கடலில் ஆபத்து அதிகம். கிணற்றுக்கு நான்கு பக்கமும் சுவர் உண்டு. எந்தப் பக்கம் நீந்தினாலும் கை எதையாவது பற்றும். தண்ணீரும் உன்னை எங்கும் இழுத்துப் போகாது. இருபத்திரண்டு வயதில் நண்பர்கள் முன் வீரம் காட்ட நான் இறங்கிய இடம், அலையே உடையாமல் அமைதியாக இருந்த ஒரு பட்டை. இருபக்கமும் அலை உடைகிறது, நடுவில் மட்டும் மட்டமாக இருக்கிறது, அங்கேதான் பாதுகாப்பு என்று எண்ணினேன். நான்கு எட்டு வைப்பதற்குள் காலடி மணல் கரைந்தது. திரும்பிக் கரையை நோக்கி நீந்தினேன். கரை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அந்த அமைதியான பட்டைதான் கடலின் மடை. அலைகள் தண்ணீரைக் கரைமேல் தள்ளிக்கொண்டே இருக்கின்றன, தள்ளிய தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். மணல் திட்டுகளுக்கு இடையே பள்ளமான ஒரு வாய் கிடைத்தால் மொத்தமும் அதன் வழியாகப் பாய்கிறது. வயலில் நிரம்பிய தண்ணீர் வரப்பில் ஒரு மடை திறந்ததும் எப்படிப் பாயும் என்பது நமக்குத் தெரியும், அதேதான். அங்கே அலை உடையாது, நிறம் சற்றுக் கலங்கியிருக்கும், நுரை கரைக்கு வராமல் உள்நோக்கிப் போகும்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். மடையை எதிர்த்து நீந்தி வென்றவர் இல்லை, களைத்து மூழ்கியவர்களே அதிகம். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்துங்கள். மடையின் அகலம் அதிகம் இருக்காது. அதைத் தாண்டிவிட்டால் பக்கத்து அலையே உங்களைக் கரையில் கொண்டுவந்து போடும். நீந்த முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். அன்று வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் "பக்கத்தாலே வா, பக்கத்தாலே வா" என்று கையை வீசிக் கத்தினார். அந்த ஒரு சொல்லால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொருவர் மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் நீங்கள் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன செய்தியை நாளிதழில் எத்தனை முறை படித்திருக்கிறோம். மூடி இறுக்கிய காலிக் கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, ஆம்புலன்ஸ் 108.

மற்றபடி சிறு விதிகள்: முழங்காலுக்குமேல் தண்ணீர் வேண்டாம். கோயிலை ஒட்டிய பாறைப் பகுதியில் இறங்கவே வேண்டாம், அடியில் கல் இருக்கும். குடித்துவிட்டு இறங்கக் கூடாது. கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. பிள்ளைகளின் கையை விட்டுவிட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. கரையில் கண்ணாடிபோல் கிடக்கும் ஜெல்லி மீனை (மீனவர்கள் சொறி என்பார்கள்) தொடக் கூடாது. பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் நீராலேயே கழுவுங்கள்.

அத்தை முழங்கால் வரை நின்றார். ஒவ்வொரு அலைக்கும் சேலையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கி, அலை திரும்பும்போது அதைத் துரத்திக்கொண்டு முன்னால் போனார். கொலுசு போனது அப்போதுதான். "போகட்டும், அவளுக்குக் கொடுத்ததாக இருக்கட்டும்" என்று ஒரு முறை சொன்னார். ஊர் வந்து சேரும்வரை அதைப் பற்றி வேறு பதினைந்து முறை பேசினார்.

ஒன்பதரைக்கு அறையைக் காலி செய்யுங்கள். சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பத்து மணிக்குமேல் வந்து இறங்கும். வாகனம் நிறுத்த இடம் கிடைக்காமல் அவர்கள் சுற்றத் தொடங்கும்போது நீங்கள் ஊரைவிட்டு வெளியே இருக்க வேண்டும். சிறு பிள்ளைகள் இருந்தால் வடக்கே, சாளுவன்குப்பம் புலிக்குகை, அதற்கு அப்பால் வடநெம்மேலி முதலைப் பண்ணை என்று போகலாம். 2004 சுனாமிக்குப் பின் அகழ்ந்தெடுத்த செங்கல் முருகன் கோயிலும் சாளுவன்குப்பத்தில் இருக்கிறது. நான் தெற்கே போவேன்.

தெற்கே: சதுரங்கப்பட்டினமும் வாயலூரும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தெற்கே சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை ஒன்று கடலைப் பார்த்து இடிந்து கிடக்கிறது. உள்ளே அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. கல்மேல் எழுத்தும் சின்னங்களும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. 1782 பிப்ரவரியில் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் இந்தக் கடலில்தான் மோதிக்கொண்டன. வேலூர்க் கோட்டையைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கோட்டை சின்னதாகத் தெரியும், ஆனால் நிழலும் அமைதியும் உண்டு. கல்பாக்கம் அணுமின் நிலையப் பகுதியில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

இன்னும் சற்றுத் தெற்கே வாயலூர். வழிகாட்டிகளில் இந்தப் பெயர் இருக்காது. கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு மட்டும் தெரியும்: இராஜசிம்மன் தன் முன்னோர் பெயர்களை வரிசையாக வெட்டிவைத்த தூண் இந்த ஊர்க் கோயிலில் இருக்கிறது. என்னை இங்கே இழுப்பது வேறு. கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று நம் ஊர்களுக்கு ஊடாக மணலாக வந்த பாலாறு இங்கேதான் கடலில் சேர்கிறது. சாலைப் பாலத்துக்கு அருகில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள், கடல் உப்பு ஆற்றுக்குள் ஏறாமல் தடுக்கவும் நன்னீரைத் தேக்கவும். மழைக்குப் பிந்தைய மாதங்களில் அங்கே நம்ப முடியாத அளவுக்குத் தண்ணீர் நிற்கும். முகத்துவாரத்தைப் பெரும்பாலும் மணல் திட்டு அடைத்திருக்கும். இறங்காதீர்கள், பாலத்தை ஒட்டிய ஓரத்தில் நின்று பார்த்தால் போதும்.

திரும்ப மாமல்லபுரம் வர வேண்டியதில்லை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, காஞ்சிக்கு மாநில நெடுஞ்சாலை நேராகப் போகிறது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்குக் கழுகு வரும் என்று தாத்தா சொல்லியிருப்பார். அவை வருவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மலை மட்டும் இருக்கிறது, படி 500-க்கு மேல். மதிய வெயிலில் ஏற வேண்டாம். நான்கு மணிக்குள் காஞ்சியைத் தாண்டிவிட்டால் இருட்டுவதற்குள் வீடு.

வாயலூரில் நான் வண்டியைப் பூட்டிவிட்டு வருவதற்குள் அத்தை கரையோரமாகக் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டார். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். "உப்பு இல்லையடா" என்றார். கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியைக் காலி செய்து அதில் நிரப்பிக்கொண்டு வண்டியில் ஏறினார். வாலாஜாபாத் வரும்போது புட்டியை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார்.